நாலாம் நம்பர் பூதம்

கரண்டியில் ஒரு மிடறு தேத்தண்ணியை உதட்டருகே கொண்டுபோய், கீழே தொழிலாளர் லயத்து நாய் குரைக்கும் அளவுக்குச் சத்தமாக உறிஞ்சுகிறார் இக்னேசியஸ். நாக்கில் இரண்டு சுற்று உருட்டுகிறார். கண்ணை மூடுகிறார். மனைவி இசபெல் நீட்டும் வாளியில் துப்பிவிட்டு, “பறக்குற கட்டிலு நல்லாருக்கு,” என்கிறார். அடுத்த கோப்பை, மறுபடி அதே சத்தம், அதே வாளி. “தலையக் கழட்டுறவனும் சொகம்.” தரையில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் துடைக்கப்போவது தான்தான் என்பதால், இசபெல் வாளியைக் கோப்பைக்குக் கோப்பை நகர்த்திக்கொண்டே வருகிறார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் மனுஷனுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் இக்னேசியஸ் உதவி டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலைக்கு இங்கே ஸ்டோர் என்றுதான் பெயர். வேலை நாட்களில் அவர் ருசி பார்ப்பது தேயிலையை. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்து, உடுத்திய வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் ருசி பார்ப்பது படங்களை. நூறு வருஷத்துக்கு முந்திய, வாய் பேசாத, மாயாஜாலப் படங்கள். ஏழு தகர டப்பாவில் ஏழு சுருள் வைத்திருக்கிறார்.

இந்தக் குளிர்மலையில் படச்சுருள் வைத்துக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? ஜன்னலை மூடினாலும் மூடாவிட்டாலும் பனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரம் பட்ட பழைய சுருள் உள்ளுக்குள்ளேயே புளிக்க ஆரம்பிக்கும். வினாகிரி, அதாவது புளிக்காடி வாடை வரும். பிறகு சுருங்கும், சுருண்டு நொறுங்கும். அதைவிடப் பெரிய கொடுமை, புளித்த ஒன்று பக்கத்தில் இருக்கிற நல்லதையும் புளிக்க வைத்துவிடும். மூக்குக்கு அந்த வாடை எட்டும்போது பாதிக் காரியம் முடிந்திருக்கும்.

இக்னேசியஸுக்கு வழி காட்டியது அவர் தொழில்தான். தேயிலை மாதிரி வாடை பிடிக்கிற சாமான் உலகத்தில் இல்லை. அதனால்தான் ஸ்டோருக்குள் வெங்காயம் வரக்கூடாது, வாசனை சோப்பு கூடாது, தூள் சலிக்கிற பெண்கள் தலைக்கு மல்லிகை எண்ணெய் தடவிக்கொண்டு வரக்கூடாது. “ஒரு கருவாட்டுப் பொட்டலத்த மறந்து வச்சிட்டுப் போனாங்கன்னா, லண்டன்ல ஒருத்தன் கருவாட்டு டீ குடிப்பான்,” என்பார் இக்னேசியஸ். எனவே அடுப்பிலிருந்து சூடாக இறங்கிய தூளைச் சின்னத் துணிப்பைகளில் கட்டி, டப்பாவுக்கு ஒன்றாகப் போட்டு வைத்தார். தூள் ஈரத்தையும் குடிக்கும், வாடையையும் குடிக்கும். மாதம் முடிந்ததும் அந்தத் தூளை வெந்நீரில் சாயம் இறக்கி நாக்கில் வைத்தால், எந்தப் படத்துக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்துபோகும். மூக்கை விட அவர் நாக்குக்கு நாலு மாதம் முன்கூட்டியே சேதி கிடைத்துவிடும்.

பைகளைத் தைப்பது இசபெல். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை அவருக்கு. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகள் நாற்பது பேரைத் தூங்க வைத்துவிட்டுக் கிடைக்கிற நேரத்தில் ஊசியை எடுப்பார். “நமக்குக் குடிக்கத் தூசித் தேயில. அந்தப் பேய்ங்களுக்கு மட்டும் மொதல் தரம்,” என்று திட்டிக்கொண்டேதான் தைப்பார். தையல் மட்டும் ஒரு இழை தப்பாது.

பதினாலு வருஷத்துக்கு முன், துரைமாரின் பழைய கிளப் கட்டடத்தைத் துப்புரவாக்கியபோது, குப்பைக்குப் போன சாமான்களோடு கைப்பிடி வைத்த ஒரு இரும்பு யந்திரமும் ஒரு பெட்டிச் சுருளும் கிடந்தன. கேட்டு வாங்கிச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இசபெல் கைப்பிடியைப் பார்த்ததும், கொத்து மிளகாய் அரைக்கிற மெஷின் என்று சந்தோஷப்பட்டு, கழுவிக் காய வைத்துவிட்டார். நல்ல வேளை, மிளகாய் போடுவதற்குள் இக்னேசியஸ் வந்து சேர்ந்தார். அந்த வருத்தம் இசபெலுக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அது கையால் சுற்றிப் படம் காட்டுகிற யந்திரம். சுருள் சுண்டுவிரல் அகலம். ஓரத்தில் அல்லாமல் நடு முதுகில் ஓட்டை. பல்பு எரிந்துபோயிருந்ததால் ஒரு டோர்ச் லைட்டை உள்ளே பொருத்தினார். ஒரு படம் இரண்டு, இரண்டரை நிமிடம்தான் ஓடும். அதற்குள் கட்டில் பறக்கும், தலை கழன்று பந்தாகும், ஒரு சீமாட்டி புகையாகிப் பூந்தொட்டிக்குள் இறங்குவாள். ஸ்டோரில் முப்பது வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு இதில் தலைகால் புரியாத ஆனந்தம். “இங்க பாருங்க, இந்த எடத்துல கேமராவ நிப்பாட்டிட்டான். ஆள மாத்திட்டான். திரும்பச் சுத்துறான். எவ்வளவு பெரிய ஏமாத்து! ஆனா ஏமாந்தவன் ஒருத்தனும் இதுவரைக்கும் அழுததில்ல,” என்று சிரிப்பார். படத்தில் ஒரு பேச்சும் கிடையாது என்பது இன்னொரு பெருமை. தமிழ் ஆட்கள் சிரிக்கிற அதே இடத்தில் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களும் சிரிப்பார்கள். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஏழிலும் அவருக்கு உயிர், நாலாம் நம்பர். முட்டைப் பூதம். ஒரு சமையல்காரன் முட்டையை உடைக்கிறான். உள்ளிருந்து சாண் உயரத்தில் ஒரு பூதம் குதிக்கிறது. நூறு வருஷத்துக்கு முந்திய எந்தப் புண்ணியவாட்டியோ பூதத்துக்கு மட்டும் தூரிகையால் மஞ்சள் சாயம் தடவியிருக்கிறாள். பூதம் அடுப்பைத் தின்கிறது, மேசையைத் தின்கிறது, சமையல்காரனின் மீசையைப் பிடுங்கித் தின்கிறது. அவன் ஓடிப்போனதும் தின்ன ஒன்றும் இல்லாமல் தன் காலையே தின்னத் தொடங்கி, வயிற்றைத் தின்று, கையைத் தின்று, கடைசியில் மஞ்சளாக ஒரு வாய் மட்டும் தரையில் மிச்சம். அந்த இடத்தில் சுருள் அறுந்துவிட்டது. மீதியைக் காணோம்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வாய்க்கு என்ன ஆயிற்று என்று தோட்டமே ஆளுக்கொரு கதை கட்டியது. “அந்த வாயி நேரா பெரிய பங்களாவுக்குப் போய் இங்கிலீசு பேசியிருக்கும்,” என்றார் கொழுந்து பறிக்கிற அம்மாக்கண்ணு. அவர் பேச்சுக்கு மலையே பதில் பேசும், அத்தனை குரல். தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு யோசனையும் சொன்னார்: “இல்லாட்டி, சங்கத்துல சேந்து தலைவராயிருக்கும்.” கணேசமூர்த்தியும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

உண்மையில் வாய்க்கு என்ன ஆனது என்று தெரிந்த ஒரே மனுஷர் ரிஸ்வி. ஹட்டனில் குடை, மழை அங்கி, றப்பர் சப்பாத்து விற்கிற கடை அவருடையது. மலையில் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். கடைக்குப் பின்னால் ஒரு அறை முழுக்கப் பழைய மணிக்கூடு, பாட்டுப்பெட்டி, படச்சுருள். இக்னேசியஸ் என்ற மூடிக்கு ஏற்ற ஜாடி. ஆறு வருஷத்துக்கு முன் திம்புள்ளப் பக்கம் ஒரு பங்களாச் சாமானை மொத்தமாக எடுத்தபோது, ஒரு டப்பாவில் பத்துப் பன்னிரண்டு அடிச் சுருள் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடி வழியே பார்த்தார். முதல் கட்டத்திலேயே தரையில் ஒரு மஞ்சள் வாய். அப்போதே இக்னேசியஸுக்குப் போன் போட்டார். பாவம், சந்தோஷத்தில் அவசரப்பட்டுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது வழக்கு.

“வாலத் தாங்க நானா, நான் தலையோட சேத்துர்றேன்,” என்பார் இவர். “தலய இங்க தாங்க டீமேக்கர், நான் வாலோட சேத்து வெக்கிறேன்,” என்பார் அவர். சேகரிக்கிறவர்கள் புத்தியே அப்படித்தான். கையில் இருக்கிற பாதி, கொடுக்கிற நேரத்தில் முழுசை விடப் பெரிதாகத் தெரியும். முடிவையாவது வாயால் சொல்லக்கூடாதா என்று கேட்டால், “அது மட்டும் சொல்ல மாட்டேன், பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்,” என்று ரிஸ்வி தாடியைத் தடவிக்கொள்வார். இதற்காக உறவு முறியவுமில்லை. பெருநாளுக்குப் புரியாணி மலையேறி வந்தது, கிறிஸ்மஸுக்குக் கேக் மலையிறங்கிப் போனது. பூதத்தின் உடம்பும் வாயும் மட்டும் சேரவில்லை.

போன ஐப்பசி முதல் ஞாயிறு. ஒன்று, இரண்டு, மூன்று நல்லபடியாகப் போயின. நாலாவது கோப்பையை உறிஞ்சிய இக்னேசியஸ் அதை நாக்கில் உருட்டவே மறந்து நின்றார். இசபெல் வாளியோடு காத்திருந்தார். “என்னங்க, தொண்டையில சிக்கிருச்சா?” அவர் துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, இன்னொரு கரண்டி எடுத்தார். சந்தேகமே இல்லை. நாக்கின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு புளிப்பு. “நாலாவது போச்சு இசபெல்,” என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மற்ற மூன்று கோப்பையும் அன்றைக்கு ஆறியே போயின.

டப்பாவைத் தனியாக எடுத்து, காற்றோட்டமாக ஜன்னல் மேடையில் வைத்தார். விரலால் அளந்து பார்த்தார். இந்தத் தடவை மழைக்காலத்து ஈரம் நாக்கையும் முந்திவிட்டது; சுருள் ஏற்கெனவே கொஞ்சம் சுருங்கியிருந்தது. மெதுவாகச் சுற்றினால் ஒரே ஒரு தடவை ஓடும். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு அதுவும் ஓடாது. ஓடாவிட்டால், பூதம் முழுசாக என்ன ஆயிற்று என்று இனி எவருமே பார்க்கப் போவதில்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஹட்டனுக்குப் போய், “நானா, என் பாதி செத்துக்கிட்டிருக்கு,” என்று சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக விட்டேனா பார் என்று நின்ற வாய்க்கு அது எப்படி வரும்? எட்டு நாள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தார். ஒன்பதாம் நாள் இசபெல் பொறுமை இழந்தார். “அந்த மனுசன் என்ன, ஒங்களத் தின்னுருவாரா? வெக்கமா இருந்தா சொல்லுங்க, நான் போறேன்.”

மனைவியை அனுப்புவது அதைவிட வெட்கம் என்று நினைத்தாரோ என்னவோ, இக்னேசியஸே பஸ் ஏறினார். சாப்பாட்டுப் பையில் டப்பா. அத்தாட்சிக்கு ஒரு பிளாஸ்க்கில் நாலாம் நம்பர்த் தேத்தண்ணி. கடையில் உட்கார்ந்து, முதல் வேலையாக ஒரு கோப்பை ஊற்றி ரிஸ்வியிடம் நீட்டினார். விஷயம் தெரியாத ரிஸ்வி, வீட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, மடக் மடக்கென்று முழுசையும் குடித்துவிட்டார். முகம் ஒரு கணம் கோணியது. மரியாதை தெரிந்த மனுஷர், எலுமிச்சம்பழப் புளிப்பாக்கும் என்று சுதாரித்துக்கொண்டார்.

“நல்லா ஈக்கிது. தேசிக்கா புழிஞ்சீங்களா?”

“ஐயோ நானா, துப்புங்க! அது குடிக்கிறதுக்கு இல்ல, அது பூதம்!” என்று இக்னேசியஸ் எழுந்தே விட்டார். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார். புளிப்பு, சுருக்கம், ஒரு தடவை, இரண்டு கிழமை. கடைசியில் டப்பாவை மேசையில் வைத்து, “நீங்கதான் ஜெயிச்சீங்க. வாங்கிக்குங்க. முழுசா ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டு, என்ன ஆச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க,” என்றார்.

ரிஸ்வி டப்பாவைத் தொடவில்லை. மூடியை லேசாகத் திறந்து மோந்து பார்த்தார். எழுந்து பின்னறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் சின்ன டப்பா ஒன்று. அதை இக்னேசியஸின் டப்பாவுக்கு மேலே வைத்தார். “யாரு ஜெயிக்கிற? ஆறு வருசமா நானும்தான் வாய மட்டும் வெச்சிக்கிட்டுப் பார்த்துக்கிட்டு ஈக்கிறேன். வயிறு இல்லாம வாய் எதுக்கு? சேருங்க டீமேக்கர்.” அந்தச் சின்ன டப்பாவைத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு தேயிலைப் பை. திருட்டு நானா, வித்தையைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார். இக்னேசியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “சேக்கிறேன். ஆனா நீங்களும் வரணும். ஒங்க பாதிய நீங்கதான் சுத்தணும்.”

இரண்டையும் ஒட்டிய கதை தனி. ஓரத்தைச் சவர அலகால் சுரண்டி, பசை தடவி, நடு ஓட்டை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும். முப்பது வருஷமாக ஸ்டோரில் ஒரு ஆணி தவறாத கை அன்றைக்கு அலகை எடுப்பதும் கீழே வைப்பதுமாகவே இருந்தது. இசபெல் அலகைப் பிடுங்கிக்கொண்டு, “தள்ளுங்க அங்கிட்டு,” என்று உட்கார்ந்தார். பை தைக்கிற விரல் இரண்டு நிமிடத்தில் காரியத்தை முடித்தது. “மொளகா மெஷினா இருந்திருந்தா இந்த ரோதனையே இல்ல,” என்று எழுந்தபோது, பூதம் நூறு வருஷத்துக்குப் பிறகு முழுசாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் காட்சி. ஜன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிட்டார்கள். சுவரில் இசபெலின் படுக்கை விரிப்பு. வெளியே மழை, உள்ளே தொட்டில்களுக்கு நடுவே அறுபது எழுபது பேர். முன்வரிசையில் அம்மாக்கண்ணு, காலை நீட்டிக்கொண்டு. ரிஸ்வியோடு வந்த மகள் அஃப்னா, சுவருக்கு நேரே தன் போனை ஒரு முக்காலியில் நிறுத்தி வைத்தாள். “ஒரு தரம்தான் ஓடும். இருமுறவங்க இப்பவே இருமிக்குங்க,” என்று இக்னேசியஸ் அறிவித்ததும், வேண்டாதவர்களும் ஒரு தடவை இருமிக்கொண்டார்கள்.

கைப்பிடி சுற்றத் தொடங்கியது. முட்டை உடைந்தது, பூதம் குதித்தது. மீசை போனபோது கூரைத் தகரம் அதிர்ந்தது. சுருங்கிய சுருள் இரண்டு இடத்தில் கரகரத்தது. இக்னேசியஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, தாஜா பண்ணித் தாண்டினார். கால் போயிற்று, வயிறு போயிற்று, கை போயிற்று. தரையில் வாய் மட்டும். ஒட்டு வருகிற இடம். இக்னேசியஸ் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். அது சுற்றி வருவதற்குள் ரிஸ்வியின் கை அங்கே இருந்தது. படம் நிற்கவில்லை.

வாய் தரையில் கிடந்து சிரித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கோழி வந்தது. கோழி வாயைப் பார்த்தது. வாய் கோழியைப் பார்த்து இன்னும் பெரிதாகச் சிரித்தது. கோழி லபக்கென்று அதைக் கொத்தி விழுங்கிவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து, எழுந்தது. உட்கார்ந்த இடத்தில் ஒரு முட்டை. மஞ்சள் முட்டை. அது லேசாக ஆடியது. அவ்வளவுதான், சுவர் வெள்ளையாகிவிட்டது.

அம்மாக்கண்ணு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “அடியாத்தே! திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பமாகுதுடி!” காம்பராவே சிரித்து உருண்டது. தொட்டிலில் தூங்கிய இரண்டு குழந்தைகள் அலறி எழுந்து, எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தாங்களும் சிரித்தன. “இன்னொருக்கா போடுங்கய்யா!” என்று கூச்சல். இக்னேசியஸ் சுருளை விரலால் தடவிப் பார்த்தார். முன்பாதியில் ஓட்டைகள் எல்லாம் கிழிந்திருந்தன. “முடியாது. அது வேலைய முடிச்சிருச்சு,” என்றார். முகத்தில் துக்கம் துளியும் இல்லை; கல்யாண வீட்டுக்காரர் மாதிரிதான் நின்றார். அஃப்னாவின் போனில் படம் பத்திரமாக இருக்கிறது. ஒரே வித்தியாசம், வாய் பேசாத அந்தப் படத்தில் இப்போது கோழி வருகிற நேரத்தில் அம்மாக்கண்ணுவின் சிரிப்பு கேட்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு ரிஸ்வியும் அஃப்னாவும் இக்னேசியஸ் வீட்டுக்கு வந்தார்கள். இசபெல் வடை சுட்டார். செத்த சுருளை மற்ற ஆறோடும் வைக்க முடியாது; நாலாம் நம்பருக்கு இனிப் புதுப் பையும் தேவையில்லை. நாலாம் நம்பர் டப்பாவில் மிச்சம் இருந்தது கடைசித் தேயிலைப் பை ஒன்றுதான். அதை இக்னேசியஸ் பிரித்தார். அளந்து போட்டார், ஐந்து நிமிடம் மூடி வைத்தார், வெள்ளைக் கோப்பையில் வடித்தார். வினாகிரி வாடை அடுப்படி முழுக்கப் பரவியது. அஃப்னா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“பாத்து டீமேக்கர், தேசிக்கா கூடிப்போச்சு போல ஈக்கிது,” என்றார் ரிஸ்வி.

இக்னேசியஸ் கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, கோப்பையையே தூக்கி, கீழ் லயத்து நாய் குரைக்கும்படி உறிஞ்சினார். நாக்கில் இரண்டு சுற்று உருட்டினார். கண்ணை மூடினார். இசபெல் வழக்கம்போல வாளியை நீட்டினார். இக்னேசியஸ் அதைப் புறங்கையால் மெல்ல ஒதுக்கிவிட்டு, விழுங்கினார்.